லைனாத்தான் இருக்கும் அண்ணே

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "தீவுல இருந்து நேரா இவ்வளவு பெரிய எடத்துக்கு எப்படி சார் வந்தீங்க?" என்று ஆபீஸில் யாராவது கேட்டால், உழைப்பு, அனுபவம், கடவுள் செயல் என்று எதையாவது அளந்துவிடுவேன். கடவுளுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் பெயரை இங்கே எழுதப் போவதும் இல்லை. எழுதினால் படித்துவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம். அந்தப் பெயரை எடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பது இன்னொரு பக்கம்.

போர்ட் பிளேரில், அபர்தீன் பஜாரில், ஒரு மின்சாமான் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கிளை இருந்தது. தனியார் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி. மானேஜரோடு சேர்த்து ஆறு பேர். நான் க்ளைம் பார்ப்பேன். அவள் பக்கத்து மேஜையில் பாலிசிக் காகிதங்களைச் சரிபார்ப்பாள். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்து தங்கிவிட்ட கத்தோலிக்கக் குடும்பம். கணவன் படகு எஞ்சின் மெக்கானிக். சிப்பிகாட்டில் வீடு. ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கும்போதே கண்டக்டரோடு இந்தியில் ஒரு சண்டையை முடித்துவிட்டு, படியேறும்போது என்னிடம் தூத்துக்குடித் தமிழுக்கு மாறுவாள்.

மதியம் ஒன்றரை மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடுவோம். சாப்பிட்டுக் கையைத் துடைத்ததும் அவள் சிவப்புப் பேனாவை எடுப்பாள். எதிரில் யாருடைய பயோடேட்டாவாவது இருக்கும். எங்கள் ஆபீஸ் ஆட்களுடையது மட்டுமல்ல. எதிர்ச் சாரியில் இருந்த வங்கிக்காரர்கள், நகைக்கடன் கம்பெனிப் பையன்கள், மியூச்சுவல் ஃபண்டு விற்பவர்கள், எல்லோரும் கொண்டுவந்து நீட்டுவார்கள். எல்லோருக்கும் மெயின்லேண்டில் ஒரு வேலை வேண்டும், அல்லது ஊரிலேயே பெரிய வங்கி வேண்டும். இவளுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூட அவள் வேலை மாறியதில்லை.

எங்களோடு வடக்கே ரங்கத் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பெங்காலி இருந்தான். 'கடின உழைப்பாளி, நேர்மையானவர், பழகுவதற்கு இனியவர்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்தான். வாசித்துவிட்டு அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு!

"அரே பாபா, இது பயோடேட்டாவா, பொண்ணு பாக்கக் குடுக்குற ஜாதகமா?" என்று இந்தியில் கேட்டாள். மூன்றையும் அடித்தாள். "மாசத்துல எத்தன நாள் பஸ்ல ரங்கத் பக்கம் போற? எத்தன பேர நின்னுபோன பாலிசிய மறுபடி கட்ட வச்ச? அத எழுது. நீ நல்லவனா கெட்டவனான்னு அவங்க பாத்துக்குவாங்க."

அவன் முழித்தான். அதெல்லாம் ஒரு வேலையா, எழுத வேண்டுமா என்று அவன் நினைத்திருந்தான். எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். செய்ததை விட்டுவிட்டுப் பெருமையை எழுதுவோம். அவள் பெருமையை அடித்துவிட்டுச் செய்ததைத் தோண்டி எடுப்பாள்.

என்னுடையதையும் அப்படித்தான் தோண்டினாள். தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில், புருஷனை இழந்த ஒரு பெண்ணுக்கு இறப்புச் சான்றிதழில் பெயர் மாறியிருந்தது. நான் கப்பலில் போய் அங்கேயே தங்கி, அதைத் திருத்தி வாங்கி க்ளைமை முடித்துக் கொடுத்தேன். அதை நானே மறந்துவிட்டிருந்தேன். அவள் அதை முதல் பக்கத்தில் முதல் வரியாக வைத்தாள். "இதுதான் அண்ணே நீங்க. மத்ததெல்லாம் அலங்காரம்" என்றாள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பின்னால் என்னிடம் இண்டர்வியூவில் இருபது நிமிடம் கேட்டார்கள்.

அப்போது கடலுக்கடியில் கேபிள் வந்திருக்கவில்லை. எல்லாம் சாட்டிலைட். மெயின்லேண்டுக்குப் பேசினால் நாம் சொன்னது அங்கே போய்ச் சேரவும், அங்கிருந்து பதில் வரவும் ஒரு இழு இழுக்கும். தீவுக்காரர்களுக்கு அது பழக்கம். மெயின்லேண்டுக்காரனுக்கு அது தெரியாது. கேள்வி கேட்டதும் பதில் வரவில்லை என்றால், இந்த ஆளுக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வான். நல்ல நல்ல ஆட்களெல்லாம் போன் இண்டர்வியூவில் இப்படித் தோற்றுப்போனார்கள். அதனால் அவள் ஒரு முறை வைத்திருந்தாள். போனை எடுத்ததும் முதல் வார்த்தையாக, "சார், எங்க லைன் கொஞ்சம் லேட்டா வரும், அது என் தயக்கம் இல்ல" என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு, லைனும் தாமதம், ஆளும் தாமதம் என்று ஆகிவிடாமல், கேள்வி முடியும்போதே பதில் நாக்கு நுனியில் நிற்க வேண்டும்.

இதற்குப் பயிற்சியும் உண்டு. கீழே கடை வாசலில் நின்றுகொண்டு மேலே என் போனுக்குக் கூப்பிடுவாள். முப்பத்தொன்பது வயதில், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பேன்.

"ஏன் சார் இப்ப இருக்க வேலைய விடணும்னு நெனைக்கீங்க?"

"மானேஜர் சரியில்ல. லீவு கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்..."

"ஏசுவே!" போனே தேவையில்லை, கீழேயிருந்து கத்தியதே கேட்டது. "புருஷனப் பத்திப் பக்கத்து வீட்டுல பொலம்புற மாதிரி பொலம்பாதீங்கண்ணே. விட்டுட்டுப் போற எடத்தப் பத்தி எவன் கேட்டான்? போற எடத்துல என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க. திரும்ப எடுங்க போன."

இன்னொன்றும் சொல்லுவாள். இதுதான் இப்போது என்னைக் கொல்கிறது. "ரெஃபரன்ஸ்னு ஒங்களுக்கு போன் வரும். இன்னாரத் தெரியுமா, ஆளு எப்படின்னு கேப்பாங்க. கேள்வி முடியுறதுக்குள்ள நல்லதச் சொல்லிறணும். நடுவுல ஒரு மூச்சு வாய மூடுனீங்கன்னா, அந்த மூச்சத்தான் எழுதிக்குவாங்க. நீங்க பெறகு சொல்றத எவனும் எழுத மாட்டான்."

இவ்வளவு கறாராக இருப்பவள், யாராவது தோற்றுவிட்டு வந்தால் ஆளே மாறிவிடுவாள். அந்த ரங்கத் பெங்காலி ஒரு இண்டர்வியூவில் வாயடைத்துப்போய் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் நின்ற எனக்கே தெரியும், லைன் அன்றைக்குச் சுத்தமாக இருந்தது. அவன் போனை வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான். அவள் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, "லைன் கராப்! எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சே கரகரன்னு. சோடோ, விட்டுத்தள்ளு, அடுத்தது பாத்துக்கலாம்" என்றாள். அவனும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். இரண்டே நிமிடத்தில் லைனைத் திட்ட ஆரம்பித்துவிட்டான்.

அவள் அப்படித்தான். மறந்துபோய்ப் பாலிசி நம்பரைத் தேடித் தடுமாறும் கிழவர்களிடம், அவர்கள் வெட்கப்படுவதற்கு முன்பே, "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சாச்சா, மெதுவா தேடுங்க" என்பாள். மானேஜர் கணக்குத் தவறாகப் போட்டால், "எழுத்து பொடிசா அடிச்சிருக்கான் சார்" என்பாள். எதிரில் இருப்பவர் கூசிப்போவதை அவளால் பார்க்க முடியாது. அவர் கேட்பதற்கு முன்பே ஒரு சாக்கை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவாள்.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பதினோரு நாள் பாக்கி. அப்போது பார்த்துக் கொல்கத்தாவிலிருந்து ஆடிட்டர் வந்து இறங்கினார்.

அதற்கு முன் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கேம்பல் பேயிலிருந்து ஒருவர் எங்கள் ஆபீஸுக்கு வர வேண்டுமென்றால், கப்பல் கிடைக்க வேண்டும், கடல் அடங்கியிருக்க வேண்டும். ஒரு ஃபார்மில் கையெழுத்து விட்டுப்போயிற்று என்றால் திரும்ப வர மாதக்கணக்காகும். அதனால் வந்த அன்றே இரண்டு மூன்று வெறும் ஃபார்ம்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம். அவர்களே, "எதுக்கும் இருக்கட்டும் சாப்" என்று சொல்லிப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒன்றைக்கூட நான் தப்பாகப் பயன்படுத்தியதில்லை. ஆனால் வெறும் ஃபார்மில் வாடிக்கையாளர் கையெழுத்து என்பது எங்கள் தொழிலில் கொலைக்குற்றம். மெயின்லேண்டில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். செய்ய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

என் மேஜைக்கும் அவள் மேஜைக்கும் நடுவில் இருந்த அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தக் கட்டு இருந்தது. ரப்பர் பேண்டு போட்டு நான் வைத்தது. ஆடிட்டர் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"யே கிஸ்கா..."

யாருடையது என்று அவர் கேட்டு முடிக்கவில்லை.

"மேரா ஹை சர்" என்றாள் அவள், தன்னுடையது என்று.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். பக்கத்தில் வந்து நின்ற அவள் யாருக்கும் தெரியாமல் என் காலை ஒரு மிதி மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது. அது மூடிக்கொண்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கூசுகிறது.

சாயங்காலம் படியில் வைத்துக் கேட்டேன். "ஏம்மா இப்படிப் பண்ணினே?"

"பெறகு? புது ஆபீஸ்லருந்து இங்க போன் போட்டு விசாரிப்பாங்கள்ல. பதினோரு நாள்ல ஒங்களால என்ன சரி பண்ண முடியும்? எனக்கு அவசரமா? நான் எங்க போகப் போறேன்."

"மெமோ குடுப்பாங்கம்மா."

"குடுக்கட்டும். ஃபைல்ல கெடக்கட்டும்."

"எப்பவாவது அதால உனக்கு ஒண்ணுன்னா, அது என்னோடதுன்னு நான் சொல்லிடறேன். எந்த இடத்துல வேணாலும் சொல்றேன்."

"சரி சரி, பஸ் போயிரும்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள்.

சென்னையில் நான் நன்றாகவே வந்தேன். முதலில் வாரம் ஒரு போன், பிறகு கிறிஸ்மஸுக்கு ஒரு போன், பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு மெழுகுவர்த்திப் படம் என்று குறைந்துகொண்டே போனது. போன வருடம் என்னை வட்டார ஆடிட் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆமாம், ஆடிட். கிளை கிளையாகப் போய், வெறும் ஃபார்மில் கையெழுத்து வாங்கினால் வேலை போகும் என்று வகுப்பு எடுப்பதுதான் என் வேலை. சிரிக்காதீர்கள்.

அந்த நேரத்தில்தான் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, எனக்கே ஒரு பயோடேட்டா எழுதிட்டேன். மொத தடவ. சிவப்புப் பேனாவ எடுத்து நானே நாலு எடத்துல அடிச்சேன்."

சிரித்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். மகளுக்கு நாலு வயது. காது கேட்பதில் குறை. மிஷின் வைத்தாயிற்று. ஆனால் பேச்சுக்குத் தொடர்ந்து பயிற்சி வேண்டும், இரண்டு வருடமாவது, வாரம் மூன்று நாள், இந்த வயதிலேயே கொடுத்தால்தான் பிடிக்கும் என்று சென்னையில் டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் வேலை கிடைத்தால்தான் அது நடக்கும். கணவனுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும் என்று தெரியாது, அதனால் இவள் சம்பளத்தில்தான் எல்லாம்.

"கேட்டா கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் சொல்லுதா அண்ணே. எல்லாரும் மக்குப் புள்ளைன்னு நெனைக்காங்க. அவளுக்கு லைன் லேட்டு, அவ்வளவுதான்."

வேறொரு கம்பெனியில் இரண்டு சுற்று இண்டர்வியூ முடித்துவிட்டாள். மூன்றாவதாக ரெஃபரன்ஸ். என் பெயரைக் கொடுத்திருந்தாள்.

"மெமோ உண்டுன்னு நானே சொல்லிட்டேன் அண்ணே. மறைச்சா பெறகு தெரிஞ்சிரும்லா. யாரோடதுன்னு சொல்லல. ஒங்ககிட்டக் கேட்டாலும் கேப்பாங்க. ஒங்களுக்கு எடஞ்சல்னா அத விட்டுருங்க. இங்க கப்பல் கதை இதான், ஆளு தங்கம்னு ரெண்டு வார்த்த சொன்னாப் போதும்."

பாருங்கள், அப்போதும் என் கையில் ஒரு சாக்கைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள். "நீ கவலைப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துக் காலை பதினோரு மணிக்கு போன் வந்தது. நல்ல தமிழ் பேசும் பெண், சென்னையிலிருந்தே பேசினாள். என் எதிரில் என் பிரிவைச் சேர்ந்த இரண்டு பேர் மறுநாள் வகுப்புக்கான காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை வருடம் தெரியும்? எட்டு. வேலை எப்படி? அவளைப்போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. திரும்ப உங்களோடு வேலைக்கு எடுப்பீர்களா? நாளைக்கே. எல்லாம் டக் டக்கென்று சொன்னேன். அவள் சொல்லிக் கொடுத்தபடியே.

"ஒரு வார்னிங் மெமோ இருக்கு சார். வெறும் ஃபார்ம்ல கஸ்டமர் கையெழுத்து. அது பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

நான் எதிரில் இருந்த இருவரையும் பார்த்தேன். அவர்கள் மடியில் இருந்த காகிதத்தின் தலைப்பே அதுதான். அது என்னோடது என்று சொன்னால் இந்த நாற்காலி என்ன ஆகும், பெரியவளின் காலேஜ் ஃபீஸ் என்ன ஆகும், இவர்கள் கேண்டீனில் போய் என்ன சொல்வார்கள். இவ்வளவும் ஓடியது. மெமோவை ஏற்க வேண்டாம், கப்பல் கதையைச் சொன்னால் போதும் என்று அவளே வழி விட்டிருந்தாள். அந்த வழிகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. வெறும் ஃபார்ம் என்ற பேச்சே என் வாயிலிருந்து வரக்கூடாது என்று மட்டும் இருந்தது. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்... அதைப் பத்தி எனக்குச் சரியாத் தெரியாதும்மா."

"ஓகே சார். ரொம்ப நன்றி."

போன் வைக்கப்பட்டுவிட்டது. எதிரில் இருந்தவன், "யாரு சார்?" என்றான். பழைய ஆபீஸ் என்றேன்.

அந்த நம்பர் என் போனில்தான் இருந்தது. சாயங்காலம் கூப்பிட்டிருக்கலாம். வெளியே போய் நின்று பேசியிருக்கலாம். மறுநாள்கூடக் காலம் போகவில்லை. அவள் மெமோ வாங்கிய நாளில் எனக்குப் பதினோரு நாள் இருந்தது, அதைப் பெரிய அவசரம் என்று நினைத்தோம். இப்போது எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. கூப்பிடவில்லை. பெரிய கல்மனசுக்காரன் ஒன்றும் இல்லை நான். கோயிலுக்குப் போய் அவளுக்காக அர்ச்சனை செய்தேன். வேலை கிடைக்க வேண்டும் என்று! கேட்டால் காறித் துப்புவீர்கள்.

அவள் இன்னமும் போர்ட் பிளேரில் அதே மேஜையில்தான் இருக்கிறாள். மகளை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சென்னைக்குக் கூட்டி வந்து காட்டிவிட்டுப் போகிறாள் என்று அந்த ரங்கத் பெங்காலி சொன்னான். அவனுக்கு இப்போது சென்னையில் பெரிய வங்கியில் வேலை. அவள் பயிற்சி கொடுத்தவர்கள் எல்லோருமே எங்காவது நன்றாக இருக்கிறார்கள். சென்னை வந்தால் அவள் என்னிடம் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

அந்த வேலையின் முடிவு தெரிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து கூப்பிட்டாள். பின்னால் குழந்தை ஏதோ ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போதுதான் கேபிள் வந்துவிட்டதே, பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோலக் கேட்டது.

"அண்ணே, அது வரல."

"அடடா... என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அங்க ஒரு அக்கா நல்லவங்க. நானா கேட்டதுக்கு அவங்க சொன்னாங்க. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சாம். ரெஃபரன்ஸ்ல ஒரு எடத்துல மட்டும் கொஞ்ச நேரம் பதிலே இல்லையாம்."

 இப்போது கேட்பாள், கேட்கட்டும், கேட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று இருந்தது. அவள் கேட்கவில்லை. குழந்தையிடம் ஏதோ சொன்னாள். பிறகு, டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே பெங்காலியிடம் பேசிய அதே குரலில் என்னிடம் சொன்னாள்.

"லைனாத்தான் இருக்கும் அண்ணே. நம்ம லைன் தெரியாதா..."

போன் செய்த பெண் சென்னை. நான் சென்னை. நடுவில் கடல் ஏது? அவளுக்கு அது தெரியாதா?

"ஆமாம்மா, லைன்தான்" என்றேன் நான். அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். ஒரு மூச்சுகூட இடைவெளி விடவில்லை.